கால் இரத்தநாளச் சிகிச்சை: ஊசித்துளைக்குப் பின்னால் உள்ள பயிற்சி

காலில் ஆறாத புண்ணோடும், நான்கு தெரு நடந்தால் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும் வலியோடும் வருகிறவர்களிடம், இரத்தநாளத்தில் அடைப்பு இருக்கிறது என்று நாங்கள் சொல்லும்போது, உடன் வந்த குடும்பத்தார் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "கத்தி வைக்காமல் ஊசி வழியாகவே சரி பண்ணிவிடலாமாமே, டாக்டர்?" திருமழபாடியிலிருந்து வருகிறவர்களும் இதையே கேட்கிறார்கள், திருமானூர், ஏலாக்குறிச்சிப் பக்கத்தார்களும் இதையே கேட்கிறார்கள். பல நேரங்களில் எங்கள் விடை, "ஆம், முடியும்" என்பதே.

ஆனால் அதைவிட முக்கியமான அடுத்த கேள்வியை மிகச் சிலரே கேட்கிறார்கள். அதைச் செய்பவர் யார்? அவர் அதை எங்கே, யாரிடம், எவ்வளவு காலம் கற்றார்? கற்றுத் தேர்ந்துவிட்டார் என்று அவருக்குச் சான்று வழங்கியவர் யார்? வயிற்றைத் திறக்கும் அறுவை என்றால் இந்தக் கேள்விகள் தாமாகவே எழுகின்றன. துளை சிறியது என்றவுடன் வேலையும் சிறியது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இது தவறான எண்ணம் என்பதை விளக்கவே இக்கட்டுரை. காலைச் சோதித்து, எந்த நிபுணரிடம் அனுப்புவது என்று தீர்மானிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் நாங்கள். ஆகவே, அனுப்புவதற்கு முன் எதையெல்லாம் பார்க்கிறோம் என்பதை உங்களுக்கும் சொல்லிவிடுவது முறை.

இரத்தநாளத்தின் உள்வழியாகச் செய்யும் சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். பெரும்பாலும் தொடை மடிப்பில், துடிப்பு தெரியும் இடத்தில், மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுத் தமனிக்குள் ஓர் ஊசியைச் செலுத்துவார்கள். அந்த ஊசியின் துளைவழியே மெல்லிய வழிக்கம்பி ஒன்று உள்ளே போகும். ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே ஒரு சிறு குழலை ஏற்றுவார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் ஸ்வென் ஈவார் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்ட முறை இது. இன்றுவரை உலகெங்கும் இதன்மேல்தான் எல்லா உள்வழிச் சிகிச்சைகளும் நிற்கின்றன. குழல் நிலைபெற்றபின், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கம்பியை அடைப்பின் ஊடே செலுத்தி, அதன்மேல் பலூனைக் கொண்டுபோய் ஊதி, வழியை அகலப்படுத்துவார்கள். தேவைப்பட்டால் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயை அங்கே விட்டு வருவார்கள்.

அளவுகளைக் கேட்டால் வியப்பாக இருக்கும். தொடைப்பகுதியில் பயன்படும் வழிக்கம்பி பெரும்பாலும் 0.035 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. முழங்காலுக்குக் கீழே, பாதத்தை நோக்கிச் செல்லும் நாளங்களுக்கு 0.014 அங்குலக் கம்பி. ஒரு மில்லிமீட்டரை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கைவிடச் சற்றே தடிமன். குழல்களை 'ஃபிரெஞ்ச்' என்ற அளவில் சொல்வது வழக்கம். 3 ஃபிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டருக்குச் சமம். கால் சிகிச்சைக்குப் பெரும்பாலும் போதுமான 6 ஃபிரெஞ்ச் குழலின் உள்விட்டம் 2 மில்லிமீட்டர்தான்.

இப்படிப்பட்ட வேலையில், நாளத்தைத் திறந்து தைத்துப் பழகிய அறுவை நிபுணரின் கைக்கு என்ன கடினம் என்று நீங்கள் கேட்கலாம். கடினமே அங்குதான் இருக்கிறது. திறந்த அறுவையில் நாளத்தைக் கண்ணால் பார்க்கிறார், விரலால் தொடுகிறார். அது மெத்தென்று இருக்கிறதா, சுண்ணாம்பு படிந்து கல்போல் ஆகிவிட்டதா என்பதை விரல் சொல்லிவிடும். உள்வழிச் சிகிச்சையில் கை தொடை மடிப்பில் இருக்கிறது, நோய் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது, கண்ணோ தொலைவில் உள்ள திரையில் பதிந்திருக்கிறது. திரையில் தெரிவதும் ஆழமில்லாத தட்டையான நிழல். கம்பி நாளத்தின் நடுவே போகிறதா, அல்லது சுவரின் இரண்டு அடுக்குகளுக்கு இடையே புகுந்துவிட்டதா என்பதை, அதன் முனை வளைகிற விதத்தையும் விரல்நுனியில் உணரும் மிகச் சிறிய தடையையும் வைத்தே அறிய வேண்டும். இவற்றோடு, நிறமேற்றும் மருந்தின் அளவு சிறுநீரகத்தைப் பாதிக்காமல் இருக்க வேண்டும், எக்ஸ்ரே எரியும் நேரம் குறைவாக இருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளப் பழகுவதற்குப் பெயர்தான் பயிற்சி.

இந்தக் கலை அறுவை நிபுணர்களின் வீட்டில் முழுதாகப் பிறந்ததும் இல்லை. அவர்களில் முன்னோடியாக ஒருவரைச் சொல்லலாம். அமெரிக்காவின் தாமஸ் ஃபோகார்டி, நாளத்துக்குள் சிக்கிய இரத்தக்கட்டியை இழுத்தெடுக்க, முனையில் சிறு பலூன் கட்டிய குழாய் ஒன்றை உருவாக்கி 1963-இல் வெளியிட்டார். மாணவப் பருவத்தில் அவர் செய்துபார்த்த முதல் பலூன், அறுவைக் கையுறையின் விரல்நுனி. அதைக் குழாயோடு சேர்த்துக் கட்டுவதற்கு, தூண்டிலில் போலிப்பூச்சி கட்டும் மீன்பிடிக்காரர்களின் முடிச்சு கைகொடுத்தது. (கொள்ளிடக் கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறோம்.) ஆனால் அடைப்பையே உள்ளிருந்து அகற்றி வழிசெய்யும் முறை, ஒரு கதிரியக்க மருத்துவரிடமிருந்து வந்தது. 1964 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், காலை எடுக்க மறுத்துவிட்ட 82 வயது மூதாட்டி ஒருவருக்கு, தொடைத் தமனியின் சுருக்கத்தில் படிப்படியாகத் தடித்த குழல்களைச் செலுத்தி வழியை அகற்றினார் சார்லஸ் டாட்டர். கால் பிழைத்தது. அவர் தம் சொந்தக் காலில் நடந்தார். பத்தாண்டுகள் கழித்து, ஜூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்ஸிக் ஊதினால் விரியும் பலூனைக் கொண்டுவந்தார். அவர் இரத்தநாள நோய்களையும் இதய நோய்களையும் பார்த்த மருத்துவர்.

அறுவை நிபுணர்களில் பெரும்பாலோர் நீண்டகாலம் இதைத் தம் வேலை என்று கருதவில்லை. உக்ரைனின் கார்கிவ் நகரில் நிகோலாய் வோலோதோஸ் 1987-இலும், அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி 1990-இலும், பெருந்தமனி வீக்கம் போன்ற நோய்களுக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிளக்காமல், துணிசுற்றிய ஸ்டென்டை உள்வழியே கொண்டுபோய் வைத்தார்கள். இருவரும் இரத்தநாள அறுவை நிபுணர்கள். அதன்பிறகே, நாற்பது ஐம்பது வயதில், பேரும் பயிற்சியும் பெற்றுவிட்ட நிபுணர்கள் மீண்டும் மாணவராக உட்கார வேண்டிய நிலை உலகமெங்கும் வந்தது. அப்போது எழுந்த கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒருவர் புதிய கைத்திறனைக் கற்கும்போது, அவர் செய்யும் முதல் சில சிகிச்சைகளின் விலையை யார் கொடுப்பது? நோயாளி கொடுக்கக் கூடாது என்றால் என்ன ஏற்பாடு வேண்டும்?

அந்தக் கேள்வி வெறும் கொள்கைக் கேள்வி அல்ல என்பதைக் காட்டிய ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனியின் சுருக்கத்துக்குத் திறந்த அறுவை நல்லதா, ஸ்டென்ட் நல்லதா என்று பிரான்ஸ் நாட்டில் 527 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள், அறுவை செய்துகொண்டோரில் 100-க்கு 3.9 பேர், ஸ்டென்ட் வைத்துக்கொண்டோரில் 9.6 பேர். 2006-இல் இம்முடிவு வெளியானதும் பெரும் விவாதம் எழுந்தது. ஆய்வில் சேர விரும்பிய அறுவை நிபுணர், முந்தைய ஓராண்டில் குறைந்தது 25 கழுத்துத்தமனி அறுவைகள் செய்திருக்க வேண்டும். ஸ்டென்ட் வைப்பவருக்கோ 12 போதும். அதுவும் இல்லாதவர், அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். தராசின் இரு தட்டிலும் ஒரே அளவு பயிற்சி வைக்கப்படவில்லை என்பது விமர்சகர்களின் வாதம். ஆய்வாளர்களோ, அனுபவசாலிகளுக்கும் பயிற்சியில் இருந்தோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்று பதில் சொன்னார்கள். இதில் யார் பக்கம் முழு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் முற்படவில்லை. ஒரு சிகிச்சை நல்லதா என்ற கேள்வியை, அதைச் செய்யும் கை பழகியதா என்ற கேள்வியிலிருந்து பிரிக்கவே முடியாது என்பது மட்டும் எங்களுக்கு ஐயமில்லாத உண்மை.

இங்கிலாந்தில் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு நடந்த பெரிய ஆய்வு இதை முன்பே உணர்ந்திருந்தது. உள்வழி முறையில் குறைந்தது 20 சிகிச்சைகள் செய்து முடித்த மருத்துவமனைகளை மட்டுமே சேர்த்துக்கொண்டார்கள். அங்கே 30 நாள் மரணம் திறந்த அறுவையில் 100-க்கு 4.7 ஆகவும், உள்வழி முறையில் 1.7 ஆகவும் இருந்தது. பழகிய கைகளில் இந்த முறை எவ்வளவு தர முடியும் என்பதற்கு அது சான்று.

நோயாளியின் உடலில் அல்லாமல் வேறெங்கே பழகுவது என்பதற்கு விமானிகளின் பயிற்சிக்கூடம் வழிகாட்டியது. செயற்கை உருவம் ஒன்றின் தொடையில் துளை இருக்கும். மாணவர் உண்மையான கம்பியையும் கதீட்டரையும் அதற்குள் செலுத்துவார். கணினி, திரையில் நாளங்களை வரைந்து காட்டும். அளவுக்கு மீறித் தள்ளினால் சுவர் கிழிவதும் திரையில் தெரியும். எவருக்கும் தீங்கில்லை, மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். 2004-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் கழுத்துத்தமனி ஸ்டென்ட் ஒன்றுக்கு ஒப்புதல் வழங்கியபோது, அதைப் பயன்படுத்த விரும்பும் மருத்துவர்களுக்கான பயிற்சித் திட்டத்தில் இத்தகைய கணினிப் பயிற்சியும் இடம்பெற்றது. ஐரோப்பாவில் இரத்தநாள அறுவை நிபுணருக்கான தகுதித் தேர்வில், மாதிரி உருவங்களில் வேலையைச் செய்துகாட்டும் பகுதியும் உண்டு. இருந்தாலும் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயால் சுண்ணாம்பேறிய நாளத்தின் கடினத்தை எந்தப் பொம்மையும் முழுதாகக் காட்டுவதில்லை. மேசையில் விழித்தபடி படுத்திருக்கும் பெரியவர் ஒருவர், நடுவில் இருமுவதையும் "இன்னும் எவ்வளவு நேரம் ஐயா?" என்று கேட்டுக் காலை அசைப்பதையும் அது கற்றுத்தருவதில்லை.

இனி நம் நாட்டு ஏற்பாடு. எம்.பி.பி.எஸ். படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. பின்பு பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். மூன்று ஆண்டு. அதன்பின் அகில இந்திய நுழைவுத் தேர்வில் தேறி, இரத்தநாள அறுவையில் எம்.சிஎச். என்னும் உயர்சிறப்புப் படிப்பு இன்னும் மூன்று ஆண்டு. இடைவெளியே இல்லாமல் படித்தாலும் பதினொன்றரை ஆண்டுகள் ஆகின்றன. தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் இப்படிப்பு உண்டு. பட்டம் வழங்குவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். இதற்கு இணையான இன்னொரு வழி, புதுதில்லியில் உள்ள தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் டி.ஆர்.என்.பி. படிப்பு. தகுதிபெற்ற தனியார் மருத்துவமனைகளிலும் அதைப் படிக்கலாம். எந்த வழியானாலும், மாணவர் தாம் பார்த்ததையும், துணைநின்றதையும், மேற்பார்வையில் செய்ததையும், தாமே செய்ததையும் வெவ்வேறாகப் பதிவேட்டில் எழுதி, ஆசிரியரின் கையொப்பம் பெற்று வர வேண்டும். இறுதியில் எழுத்துத் தேர்வும், நோயாளிகளை முன்வைத்து வெளியிலிருந்து வரும் பேராசிரியர்கள் நடத்தும் நேர்முகத் தேர்வும் உண்டு.

அந்தப் பதிவேட்டை நாங்கள் பட்டச் சான்றிதழுக்கு நிகராகவே மதிக்கிறோம். 'பார்த்தேன்' என்பதற்கும் 'செய்தேன்' என்பதற்கும் இடையில் உள்ள தூரம் அதில்தான் தெரியும். நல்ல ஆசிரியர்கள் மாணவர் கையில் கம்பியை ஒரே நாளில் கொடுத்துவிடுவதில்லை. முதலில் தொடை மடிப்பில் துளையிடவும், முடிந்தபின் அந்த இடத்தைச் சரியாக அழுத்திப் பிடிக்கவும் கற்பிப்பார்கள். இது எளிதாகத் தோன்றும். ஆனால் துளை சற்று மேலே போய்விட்டால், இரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றின் பின்புறம் கசியும். அழுத்தம் போதாவிட்டால் தொடையில் இரத்தம் கட்டும், சில நேரம் நாளத்தின் பக்கத்தில் துடிக்கும் வீக்கம் உண்டாகும். சிகிச்சை முடிந்து சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்கச் செவிலியர் வற்புறுத்துவது இதனால்தான். அதன்பிறகே குறுகிய சுருக்கங்கள், பின்பு நீண்ட அடைப்புகள், கடைசியில் பாதத்தின் நுண்ணிய நாளங்கள் என்று படிப்படியாக மாணவர் முன்னேறுவார். அடைப்பைக் கடந்துவிட்ட கம்பியை, வேலை முழுதும் முடியும்வரை எக்காரணம் கொண்டும் வெளியே இழுத்துவிடக் கூடாது என்பது, பயிற்சிக் கூடங்களில் ஓயாமல் காதில் விழும் பாடம். கம்பி உள்ளே இருக்கும்வரை, நாளம் கிழிந்தாலும் திரும்பிப் போய்ச் சரிசெய்ய வழி இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் உள்வழிச் சிகிச்சைக்கென்று பட்டத்துக்கு மேல் தனியான அரசு உரிமம் கிடையாது. அந்தத் திறன் பட்டப்படிப்புக்குள்ளேயே அடங்கியதாகக் கருதப்படுகிறது. இதே சிகிச்சையை இரத்தநாள அறுவை நிபுணர் மட்டுமல்லாமல், இடையீட்டுக் கதிரியக்க நிபுணரும், சில இடங்களில் இதயநோய் நிபுணரும் செய்கிறார்கள். மூவரிலும் மிகத் தேர்ந்தவர்களை நாங்கள் அறிவோம். ஆகவே பட்டத்தின் பெயரைவிட, இந்தக் குறிப்பிட்ட சிகிச்சையில் அவருக்குள்ள பழக்கத்தைக் கேட்பதே பயன் தரும். கருவிக்கும் கதிர்வீச்சுக்கும் வேண்டுமானால் தனிச்சட்டம் இருக்கிறது. இச்சிகிச்சை நடக்கும் எக்ஸ்ரே கூடம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உள்ளே நிற்பவர்கள் ஈய அங்கியும், தாங்கள் வாங்கும் கதிரின் அளவைப் பதிவுசெய்யும் சிறு பட்டையும் அணிய வேண்டும். ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது அவர்களுக்குரிய வரம்பு. அடுத்த முறை அந்தக் கூடத்தின் வாசலில் காத்திருக்கும்போது, மார்பில் பட்டை மாட்டிய ஊழியர்களைக் கவனியுங்கள்.

இவ்வளவு சொன்னபின், கைத்திறனைவிடக் கடினமான பாடம் இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அது, எப்போது ஊசி, எப்போது கத்தி என்று தீர்மானிப்பது. 2022-இல் அமெரிக்கா முதலிய சில நாடுகளில் 1,830 பேரிடம் நடந்த ஆய்வு வெளியாயிற்று. புண்ணும் ஓய்விலேயே வலியும் உள்ள கால்கள் அவை. காலிலிருந்து எடுத்து மாற்றுவழியாகத் தைக்க நல்ல சிரை உள்ளவர்களில், முதலில் திறந்த அறுவை செய்துகொண்டோருக்கு, காலுக்குப் பெருங்கேடோ மரணமோ நேர்ந்தது 42.6 விழுக்காடு. உள்வழிச் சிகிச்சையில் தொடங்கியோருக்கு 57.4 விழுக்காடு. அடுத்த ஆண்டே, முழங்காலுக்குக் கீழான நாளங்களில் நோயுள்ள 345 பேரிடம் இங்கிலாந்து முதலிய நாடுகளில் நடந்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. காலை இழந்தவர்களும் இறந்தவர்களும் அறுவைப் பிரிவில் 63 விழுக்காடு, உள்வழிப் பிரிவில் 53 விழுக்காடு. முரண்பாடு என்று தோன்றலாம். நோயின் இடமும், கிடைக்கும் சிரையின் தரமும், நோயாளியின் இதயம் தாங்கும் அளவும் வேறானால் விடையும் வேறாகும் என்பதே நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. இரண்டு வேலையும் தெரிந்தவர் மட்டுமே இரண்டில் ஒன்றை மனச்சார்பின்றித் தேர்வு செய்ய முடியும். சுத்தியல் மட்டும் பழகிய தச்சனிடம் உளியைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. இங்கிலாந்து 2012-இல் இரத்தநாள அறுவையைப் பொது அறுவையிலிருந்து பிரித்துத் தனித்துறையாக்கி, இரண்டையும் ஒரே பயிற்சிக்குள் கொண்டுவந்ததும் இதை உணர்ந்துதான். இந்தியாவில் இரத்தநாள அறுவைச் சங்கம் நடத்தும் ஆய்விதழின் பெயரிலேயே உள்வழி அறுவையும் சேர்ந்திருக்கிறது. எங்கள் எண்ணத்தில், இளைய நிபுணர்களுக்கு இப்போது எதிர்த்திசையிலிருந்து ஓர் ஆபத்து வருகிறது. பலூனிலேயே பழகி, திறந்த அறுவையில் கை பழகாமல் போய்விடுவது. பலூன் தோற்ற இரவில் அந்தக் கைதான் தேவைப்படும்.

ஆகவே உங்களை ஒரு நிபுணரிடம் அனுப்பும்போது தயங்காமல் கேளுங்கள் என்கிறோம். "இந்த மாதிரி அடைப்பு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எனக்கு அறுவை ஏன் வேண்டாம், அல்லது ஏன் வேண்டும்? பலூன் பலிக்காவிட்டால் அடுத்து என்ன, அதை இங்கேயே செய்வீர்களா?" நல்ல நிபுணர் இதனால் கோபப்பட மாட்டார். பயிற்சி மருத்துவர் கைவைப்பாரா என்றும் கேட்கலாம். கற்பிக்கும் மருத்துவமனையில் அதற்கு நேர்மையான விடை, "ஆம், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது" என்பது. அது அஞ்ச வேண்டிய விடை அல்ல. யார் பக்கத்தில் நிற்பார், முழு நேரமும் நிற்பாரா என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவரின் பதிவையும், அவர் சேர்த்துப் பதிந்துள்ள உயர்பட்டத்தையும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது செலவுக்குத்தான் விடை, பயிற்சிக்கு அல்ல. இரண்டையும் பாருங்கள்.

பயிற்சி எவ்வளவு உயர்ந்தாலும், காலம் தாழ்ந்த காலை அது மீட்டுத்தராது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, நம் மாவட்டத்துக்குப் பெரும் துணை. எனினும் இத்தகைய உயர்சிறப்புச் சிகிச்சைக்கு இன்றும் பெரும்பாலும் திருமானூர்ப் பாலத்தில் கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சைக்கோ, மேற்கே திருச்சிக்கோ, சென்னைக்கோ போக வேண்டியிருக்கிறது. வழியின் தூரத்தோடு வீட்டில் கழித்துவிடும் நாட்களும் சேர்கின்றன. திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்தால், ஏறத்தாழ ஆறு மணி நேரமே கையில் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதற்கோ, விடியட்டும் என்று இருப்பதற்கோ அதில் இடமில்லை. உடனே 108-ஐ அழையுங்கள்.

மெல்ல வளரும் அடைப்பு இன்னும் ஏமாற்றக்கூடியது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறியது. சர்க்கரை நோய் நாளத்தை அடைப்பதோடு நரம்பையும் மரக்கச் செய்வதால், வலி என்னும் எச்சரிக்கை மணியே அடிப்பதில்லை. திருமழபாடியில் பங்குனி மாதம் நந்தி கல்யாணத்துக்கு வருகிறவர்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் ஆண்டுதோறும் சொல்வது இதுதான். வைத்தியநாத சுவாமியை வணங்குவதற்கு வெயில் ஏறுவதற்கு முன்போ, பொழுது சாய்ந்த பின்போ போங்கள். உச்சிவேளையில் கற்களின் மேல் வெறுங்காலோடு சுற்றி வந்தால், பாதம் கொப்புளித்தது வீட்டுக்கு வந்து பார்த்த பிறகே தெரியும். வயல் வரப்பில் செருப்பில்லாமல் நடப்பதும் அப்படியே. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு, நாற்பது வயதுக்கு முன்பே விரல்கள் கறுக்கும் நாளநோய் ஒன்று உண்டு. 1908-இல் அதை விவரித்த லியோ பியூர்கரின் பெயரால் வழங்கும் அந்நோய்க்குப் புகையை அடியோடு விடுவதே முதல் சிகிச்சை. புகை தொடர்ந்தால் எவ்வளவு தேர்ந்த கையும் அதை நிறுத்த முடியாது.

புறநோயாளிப் பிரிவில் கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சில நிமிடங்களில் முடியும். கணக்கு 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயில் நாளம் கல்லாகிவிட்டால் கணக்கு 1.4-க்கு மேலேகூடப் போகும். அதை நலம் என்று எடுத்துக்கொள்ளாமல் மேலும் சோதிப்போம். வரும்போது, முன்பு எங்கேனும் ஆஞ்சியோகிராம் எடுத்திருந்தால் அறிக்கைத்தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கொண்டுவாருங்கள். ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் அட்டை, சிறுநீரகச் சோதனையின் கடைசி முடிவு, இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவையும் வேண்டும். முந்தையவர் எந்த வழியாகப் போனார், கம்பி எந்த இடத்தில் நின்றது என்பதை அந்தப் படங்களில்தான் அடுத்த நிபுணர் படிக்கிறார். சிகிச்சை முடிந்த பின், அந்த மாத்திரைகளை யார் சொல்லியும், பல் பிடுங்குவதற்காகக்கூட, எங்களைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.